எள்ளுக்குள் பிறந்த அமிலம்

எள்ளுக்காய் முற்றத் தொடங்கும் நாள்களில் அதன் விதைக்குள் ஓர் அமிலம் பிறக்கிறது. இலையில் தயாரான சர்க்கரை விதைக்கு வந்து, இரண்டு கரிம அணுக்கள் கொண்ட துண்டுகளாகிறது. அந்தத் துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டு 18 கரிமம் நீளமுள்ள சங்கிலி உருவாகிறது. முதலில் கிடைப்பது வளைவே இல்லாத ஸ்டியரிக் அமிலம். அதன் 9ஆம் கரிமத்தில் ஓர் இரட்டைப் பிணைப்பு விழுந்தால் ஒலியிக் அமிலம். இதுவரை எள் செய்த வேலையை நம் கல்லீரலும் செய்துவிடும். அடுத்த வேலைதான் நம்மால் ஆகாதது. 12ஆம் கரிமத்தில் இன்னோர் இரட்டைப் பிணைப்பைப் போடும் நொதி எள்ளிடம் இருக்கிறது, மனித உடலில் இல்லை. அந்த நொதி தொட்டதும் பிறப்பது லினோலெயிக் அமிலம். நல்லெண்ணெயில் ஏறக்குறைய 40 சதவீதம் இதுதான்.

விதையில் பிறந்த இந்த மூலக்கூறு மனித உடலுக்குள் போய்க் காய்ச்சலுக்கும் பிரசவ வலிக்கும் ரத்தக் கட்டுக்கும் காரணமாகிறது. ரத்தம் கட்டாமல் ஓடவும் அதே மூலக்கூறுதான் துணை நிற்கிறது. எந்த எண்ணெய் நல்லது, எது கெட்டது என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கிறோம். எண்ணெயில் இருந்த அமிலம் உடலில் எங்கே போய்ச் சேர்ந்தது, எந்த நொதி அதைத் தொட்டது என்று கேட்காதவரை அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது என்பது என் உறுதியான எண்ணம். ஆகவே இந்த ஒரே அமிலத்தின் பின்னால் கடைசிவரை போய்ப் பார்க்கலாம்.

எள் மூன்று மாதப் பயிர். காய் மஞ்சளிக்கும்போதே அறுத்துவிட வேண்டும். செடியிலேயே விட்டால் காய் வெடித்து விதை மண்ணில் கொட்டிப்போகும். அறுத்த செடிகளைக் கட்டி அடுக்கிக் காயவைத்து, தலைகீழாகப் பிடித்துத் தட்டினால் எள் உதிர்கிறது. அதில் பாதி எடை எண்ணெய். செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்ப்பார்கள், எண்ணெய் பிரிந்து வர அது உதவும். பிண்ணாக்கு மாட்டுக்குப் போகிறது, எண்ணெய் நமக்கு.

லினோலெயிக் அமிலத்துக்குப் பிறவியிலேயே ஒரு பலவீனம் உண்டு. இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட 11ஆம் கரிமம் தன் ஹைட்ரஜனை எளிதில் இழந்துவிடும். அங்கே ஆக்சிஜன் வந்து ஒட்டிக்கொண்டால் எண்ணெய் காறிப்போகத் தொடங்கிவிட்டது என்று பொருள். எள்ளோ தன் எண்ணெய்க்குள்ளேயே காவலையும் வைத்திருக்கிறது. செசமின், செசமோலின், செசமால் என்ற பொருள்கள் இருப்பதால்தான் நல்லெண்ணெய் மற்ற பல எண்ணெய்களைவிட நாள்பட நிற்கிறது. 11ஆம் கரிமத்தின் இந்தப் பலவீனத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கெடுதலுக்கும் நன்மைக்கும் வழி திறப்பது இந்த அமைப்புதான்.

இட்லி மிளகாய்ப்பொடியில் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றிக் குழைத்தால், சுமார் 2 கிராம் லினோலெயிக் அமிலம் தட்டுக்கு வந்துவிடும். அது தனியாக வருவதில்லை. மூன்று அமிலங்கள் ஒரு கிளிசராலோடு பிணைந்திருப்பதுதான் எண்ணெய். சிறுகுடலில் பித்தநீர் அதைப் பொடித் துளிகளாக்குகிறது, கணையத்தின் லிப்பேஸ் நொதி அமிலங்களைக் கழற்றுகிறது. குடல் செல்லுக்குள் போனதும் அவை மறுபடி கிளிசராலோடு சேர்க்கப்பட்டு, புரத உறை போர்த்தப்பட்டுக் கைலோமைக்ரான் என்ற துகள்களாகின்றன. சர்க்கரையும் புரதத்தின் அமினோ அமிலங்களும் குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகும். நீண்ட சங்கிலிக் கொழுப்பின் பாதை வேறு. அது நிணநீர்க் குழாயில் ஏறி, நெஞ்சுக்கூட்டின் வழியாக மேலே போய், இடது கழுத்தடியில் உள்ள பெரிய சிரையில் கலக்கிறது. கல்லீரல் பார்ப்பதற்கு முன்பே இதயமும் தசையும் அதைப் பார்த்துவிடுகின்றன. விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்த ரத்தத்தின் ஊனீர் பால்போலக் கலங்கியிருப்பது இதனால்தான்.

இங்கிருந்து பாதை பிரிகிறது. பெரும்பகுதி எரிந்து சக்தியாகும், அல்லது கொழுப்புத் திசுவில் சேமிப்பாகும். சேமிப்பான லினோலெயிக் அமிலத்தில் பாதி மாறுவதற்கே ஏறக்குறைய 2 ஆண்டு ஆகிறது. இன்று வயிற்று மடிப்பில் இருப்பது கடந்த சில ஆண்டுகளாக வீட்டில் வாங்கிய எண்ணெயின் பதிவேடு.

1920கள் வரை கொழுப்பு வெறும் எரிபொருள் என்றுதான் அறிவியல் நம்பியிருந்தது. சர்க்கரையிலிருந்தே உடல் கொழுப்பைச் செய்துகொள்ளும் என்பதால் உணவில் கொழுப்பே வேண்டியதில்லை என்று கருதினார்கள். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் தம்பதி எலிகளுக்குக் கொழுப்பை அறவே நீக்கிய உணவைக் கொடுத்தார்கள். வைட்டமின்களெல்லாம் சேர்த்துத்தான். எலிகளின் வால் செதில் செதிலாக உரிந்தது, வளர்ச்சி நின்றது, சிறுநீரகம் கெட்டது, சீக்கிரமே செத்தன. 1929இல் இதை வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே, சில சொட்டு லினோலெயிக் அமிலம் கொடுத்தால் எலிகள் தேறுகின்றன என்று காட்டினார்கள். ஸ்டியரிக் அமிலம் அதைச் செய்யவில்லை. ஒரு கொழுப்பு உயிருக்கு இன்றியமையாதது என்று சொல்வதை அன்று பலர் ஏற்கத் தயங்கினார்கள். கொழுப்பு குறைந்த பால் கலவையில் வளர்ந்த குழந்தைகளின் தோலிலும், பின்னாளில் மாதக்கணக்கில் கொழுப்பே இல்லாத ஊட்டநீரை ரத்தக்குழாய் வழியே பெற்ற நோயாளிகளின் தோலிலும் அதே செதில் தோன்றியபோது சந்தேகம் தீர்ந்தது.

தோல் ஏன்? மேல்தோலின் செரமைடு என்ற கொழுப்பில் லினோலெயிக் அமிலம் நேரடி உறுப்பு. உடலின் நீர் ஆவியாகிப் போகாமல் தடுப்பது அந்த அடுக்கு. குறைமாதக் குழந்தைகளுக்கு அது சரியாக அமைந்திருக்காது. டாக்காவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் அப்படிப்பட்ட பச்சிளங்குழந்தைகளின் உடலில் லினோலெயிக் அமிலம் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயைத் தடவி ஆராய்ந்தார்கள். 2005இல் வெளியான முடிவு: எண்ணெய் தடவாத குழந்தைகளைவிட இவர்களுக்கு மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைவு. கிருமியைக் கொல்லும் மருந்து எதுவும் அதில் இல்லை. தோலின் சுவர் சரியானது, அவ்வளவுதான். விலை குறைந்த ஒரு சமையல் எண்ணெய் செய்த வேலை இது என்று எண்ணும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் நெஞ்சு நிறைகிறது.

கல்லீரலுக்குப் போய்ச் சேர்ந்த அமிலத்துக்கு வேறு வாழ்வு காத்திருக்கிறது. அங்கே ஒரு நொதி மூன்றாவது இரட்டைப் பிணைப்பைப் போடும், இன்னொன்று சங்கிலியை 20 கரிமத்துக்கு நீட்டும், மற்றொன்று நான்காவது பிணைப்பைச் சேர்க்கும். எள் கொடுத்தது இப்போது அராக்கிடோனிக் அமிலமாகிவிட்டது. மிகச் சிறிய பங்குதான் இந்தப் படிகளைத் தாண்டுகிறது. பூனையால் போதிய அளவுக்கு இதைச் செய்ய முடியாது, ஆகவே அதற்கு இறைச்சியிலிருந்தே அராக்கிடோனிக் அமிலம் கிடைத்தாக வேண்டும். மனிதர்களுக்குள்ளும் வேறுபாடு உண்டு. மாற்றும் நொதிகளின் மரபணுப் பகுதியில் 22 எழுத்து நீளமுள்ள ஒரு சேர்க்கை சிலரிடம் இருக்கிறது. அது இருந்தால் மாற்றம் வேகமாக நடக்கும். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலும் சைவ உணவு உண்ணும் புனே நகரத்தாரில் 68 சதவீதம் பேருக்கு அதன் இரண்டு பிரதிகளும் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்த அமெரிக்கர்களில் 18 சதவீதம். இறைச்சி இல்லாமல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்களிடையே, விதையிலிருந்து அராக்கிடோனிக் அமிலத்தைச் செய்துகொள்ளத் தெரிந்த உடல்கள் பெருகியிருக்கின்றன. ஒரே அளவு எண்ணெய் எல்லோருக்கும் ஒரே பலன் தரும் என்று சொல்வது எவ்வளவு அவசரம்!

அராக்கிடோனிக் அமிலம் சுதந்திரமாகத் திரிவதில்லை. செல்லின் சவ்வில் உள்ள பாஸ்போ கொழுப்புகளின் நடுக்கிளையில் அது பிணைக்கப்பட்டு, அழைப்பு வரும்வரை அங்கேயே கிடக்கும். அடிபட்டாலோ கிருமி வந்தாலோ ஹார்மோன் கட்டளையிட்டாலோ செல்லுக்குள் கால்சியம் உயர்கிறது. பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி விழித்து, நடுக்கிளையை மட்டும் வெட்டி விடுகிறது.

இதே வேலையைச் செய்யும் நொதி நல்ல பாம்பின் விஷத்திலும் கண்ணாடி விரியன் விஷத்திலும் ஏராளம். மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978 முதல் இயங்கும் இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தில் விஷமுறிவு மருந்துக்காக எடுக்கப்படும் விஷத்திலும் அது இருக்கிறது. உடல் அளந்து செய்யும் வெட்டை விஷம் கட்டுப்பாடில்லாமல் செய்கிறது. 1938இல் மெல்போர்னில் ஃபெல்ட்பெர்க், கெல்லவே என்ற இருவர் கினிப்பன்றியின் நுரையீரலுக்குள் நாகவிஷத்தைச் செலுத்தினார்கள். நுரையீரலிலிருந்து வெளிவந்த திரவம் தசையை மெதுவாக, ஆனால் நெடுநேரம் சுருங்க வைத்தது. அது என்னவென்று அப்போது தெரியவில்லை. 1979இல் ஸ்வீடனின் பெங்த் சாமுவெல்சன் அதை இனம் கண்டார்: அராக்கிடோனிக் அமிலத்திலிருந்து பிறந்த லியூகோட்ரையீன். ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை இறுக்குவது இதுதான். மருந்துச்சீட்டில் அடிக்கடி காணும் மான்டெலுகாஸ்ட், அது போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் மருந்து.

வெட்டுப்பட்ட அமிலத்துக்கு இன்னொரு வழியும் உண்டு. 1930இல் நியூயார்க்கில் கர்ஸ்ராக், லீப் என்ற மருத்துவர்கள், விந்துத் திரவம் கருப்பைத் தசையைச் சில நேரம் சுருக்குவதையும் சில நேரம் தளர்த்துவதையும் கண்டார்கள். காரணமான பொருளுக்குச் சில ஆண்டுகளில் ஸ்வீடனின் உல்ஃப் ஃபான் ஆய்லர் புரோஸ்டாகிளாண்டின் என்று பெயரிட்டார். தன் கையிருப்பை 1945இல் இளம் வேதியியலாளர் சூனே பெர்க்ஸ்ட்ரோமிடம் கொடுத்தார். ஆட்டுச் சுரப்பிகளைப் பெருமளவில் சேகரித்து, அதிலிருந்து இம்மியளவு தூய பொருளைப் படிகமாக எடுக்கப் பத்தாண்டுக்கு மேல் ஆயிற்று. அமைப்பு தெரிந்தபோதுதான் உறவும் தெரிந்தது. 20 கரிமம், அதே வளைவு. 1964இல் பெர்க்ஸ்ட்ரோம் குழுவும் நெதர்லாந்தின் வான் டோர்ப் குழுவும் தனித்தனியாக நிரூபித்தார்கள்: ஆட்டுச் சுரப்பியோடு அராக்கிடோனிக் அமிலத்தைச் சேர்த்தால் புரோஸ்டாகிளாண்டின் வருகிறது. பர் தம்பதியின் எலிகள் செத்ததற்கு ஒரு பங்கு விளக்கம் 35 ஆண்டு கழித்துக் கிடைத்தது. எண்ணெயைக் காறவைக்கும் அதே பலவீனம், ஹைட்ரஜனை இழந்து ஆக்சிஜனை ஏற்கும் குணம், இங்கே சைக்ளோஆக்சிஜனேஸ் என்ற நொதியின் பிடியில் ஒழுங்காக நடந்து ஹார்மோன் போன்ற ஒரு பொருளைத் தருகிறது.

இனி அது எந்தத் திசுவில் இருக்கிறது என்பதே எல்லாம். மூளையின் ஹைப்போதலாமஸில் புரோஸ்டாகிளாண்டின் இ2 உருவானால் காய்ச்சல். இரைப்பையில் அதே இ2 உருவானால் சளிப்படலம் தடித்து அமிலத்திலிருந்து காப்பு. கருப்பையில் எஃப்2 மிகுந்தால் மாதவிடாய் வலி. ரத்தத் தட்டணுவில் உருவாவது திராம்பாக்சேன். அது தட்டணுக்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்து, குழாயைச் சுருக்கும். அதன் அரை ஆயுள் 30 வினாடி. குழாயின் உட்சுவரில் உருவாவதோ புரோஸ்டாசைக்ளின். அது தட்டணுக்களை விலக்கிக் குழாயை விரிக்கும். இரண்டுக்கும் தாய் ஒன்றே. மாரடைப்பு வருமா வராதா என்பதில் இந்த இருவரின் இழுபறிக்குப் பெரிய பங்கு உண்டு.

இதைப் புரியவைத்தது ஒரு பழைய மாத்திரை. 1897இல் செய்யப்பட்ட ஆஸ்பிரின் எப்படி வேலை செய்கிறது என்று 1971வரை யாருக்கும் தெரியாது. லண்டனில் ஜான் வேன் கண்டுபிடித்தார்: அது சைக்ளோஆக்சிஜனேஸை முடக்குகிறது. காய்ச்சல் தணிவதும் வலி குறைவதும் வயிறு புண்ணாவதும் ஒரே காரணத்தால். தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, முடக்கப்பட்ட நொதிக்குப் பதில் வேறொன்றைச் செய்ய முடியாது, ஆகவே அதன் ஆயுளான 7 முதல் 10 நாளும் அது திராம்பாக்சேன் தராது. குழாய்ச்சுவர் செல் புது நொதியைச் செய்துகொள்கிறது. சிறிய அளவு ஆஸ்பிரின் இதயத்தைக் காப்பது இந்த வேறுபாட்டால். 1988இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில், 17,187 மாரடைப்பு நோயாளிகளிடையே, தினம் 160 மில்லிகிராம் ஆஸ்பிரின் ஐந்து வாரத்து இதய, ரத்தக்குழாய் மரணங்களை 23 சதவீதம் குறைத்தது. மறுபுறம், புரோஸ்டாசைக்ளினைக் குறைத்துத் திராம்பாக்சேனைத் தொடாத வயாக்ஸ் என்ற வலி மாத்திரை மாரடைப்பை அதிகரித்ததால் 2004 செப்டம்பரில் சந்தையிலிருந்து விலக்கப்பட்டது. வேன், சாமுவெல்சன், பெர்க்ஸ்ட்ரோம் மூவருக்கும் 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

பரிசைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது பெல்காமில் நடந்தது. பிரசவத்துக்குப் பின் கருப்பை சுருங்காவிட்டால் தாய் ரத்தம் இழந்து சாகிறாள். கர்நாடகத்தின் அந்த மாவட்டத்துக் கிராமங்களில் பிரசவம் பார்த்தவர்கள் துணைச் செவிலியர்கள். குளிர்பெட்டியும் ஊசியும் எல்லா இடத்திலும் கைக்குக் கிடைக்காது. அவர்கள் கையில் மிசோபுரோஸ்டால் மாத்திரை கொடுக்கப்பட்டது. அது புரோஸ்டாகிளாண்டின் இ1ஐப் பார்த்துச் செய்த பொருள். அராக்கிடோனிக் அமிலத்துக்கு ஒரு படி முன்பு, மூன்று இரட்டைப் பிணைப்போடு நிற்கும் அமிலத்திலிருந்து உடல் செய்வது இ1. 1,620 பெண்கள் பங்கேற்ற அந்த ஆய்வு 2006இல் வெளியானது. பிரசவத்துக்குப் பிந்தைய மிகை ரத்தப்போக்கு 12 சதவீதத்திலிருந்து 6.4 சதவீதமாகக் குறைந்தது. வீட்டில் நடந்த பிரசவத்திலும், வாயில் போட்டு விழுங்கும் மாத்திரையால் இது ஆயிற்று.

அதே இ1 பிறந்த குழந்தையையும் காப்பாற்றுகிறது. கருவில் நுரையீரலுக்கு வேலை இல்லை, ரத்தம் அதைச் சுற்றிப் போக ஒரு குறுக்குக்குழாய் உண்டு. அதைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின். பிறந்ததும் நஞ்சுக்கொடி போய்விடும், மூச்சு விடத் தொடங்கிய நுரையீரல் புரோஸ்டாகிளாண்டினை அழிக்கும், சில நாளில் குழாய் மூடிக்கொள்ளும். இதயக்கோளாறால் அந்தக் குழாயையே நம்பிப் பிறந்த குழந்தைக்கு, அறுவை சிகிச்சை வரைக்கும் இ1ஐச் சொட்டுச் சொட்டாக ஏற்றி அதைத் திறந்து வைக்கிறார்கள். குறைமாதக் குழந்தைக்குக் குழாய் மூடாமல் போனால், நொதியை முடக்கும் இண்டோமெத்தசின் அல்லது இபுப்ரோஃபென் கொடுத்து மூட வைக்கிறார்கள். பூட்டும் திறவுகோலும் ஒரே அமிலத்தின் வழித்தோன்றலிடம்.

அழற்சியை மூட்டுகிறது என்று அராக்கிடோனிக் அமிலத்தின் மேல் பழி சுமத்துவது இப்போது வழக்கம். 1984இல் சார்லஸ் செர்ஹான், சாமுவெல்சன் ஆகியோர் லிப்பாக்சின் என்ற பொருளைக் கண்டார்கள். அதுவும் அராக்கிடோனிக் அமிலத்தின் பிள்ளைதான், ஆனால் அழற்சியை அடக்கும் பிள்ளை. மீன் எண்ணெயின் ஒமேகா-3 அமிலங்கள் அதே நொதிகளுக்குப் போட்டியிட்டு வலுக்குறைந்த திராம்பாக்சேனைத் தருவதும் உண்மை. மத்தி மீன் சாப்பிடுவதற்கு அது நல்ல காரணம், நல்லெண்ணெயை ஒதுக்குவதற்குக் காரணம் ஆகாது. உணவில் லினோலெயிக் அமிலத்தைக் கூட்டினாலும் பெரியவர்களின் ரத்தத்தில் அராக்கிடோனிக் அமிலம் அதற்கேற்பக் கூடுவதில்லை. உடல் அந்தப் படிகளில் இறுக்கமாகவே இருக்கிறது.

அதற்காக எண்ணெயைக் குடம் குடமாக ஊற்றலாம் என்றும் சொல்ல முடியாது. பர் தம்பதி வேலை பார்த்த அதே மினசோட்டா பல்கலைக்கழகம் 1968 முதல் 1973 வரை, மருத்துவமனைகளில் இருந்த 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் ஓர் ஆய்வு நடத்தியது. விலங்குக் கொழுப்புக்குப் பதில் லினோலெயிக் மிகுந்த சோள எண்ணெய். கொலஸ்டிரால் இறங்கியது, மரணம் குறையவில்லை. முழு விவரம் 2016இல்தான் வெளியே வந்தது. ரத்தத்தில் லினோலெயிக் அமிலம் மிகுந்தவர்களுக்கு இதயநோய் குறைவு என்று பல நாட்டு மக்கள்தொகை ஆய்வுகள் சொல்கின்றன. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், அளவோடு உண்பதில் பலன் உண்டு, அளவு மீறினால் கூடுதல் பலன் இல்லை என்பதே நேர்மையான வாசிப்பு.

எனக்கு உண்மையில் கவலை தருவது அளவைவிட அடுப்பு. மீண்டும் மீண்டும் காய்ச்சிய வாணலியில் 11ஆம் கரிமத்தை ஒழுங்குபடுத்த எந்த நொதியும் இல்லை. ஆக்சிஜன் கண்டபடி ஏறி, சங்கிலி முறிந்து, 4-ஹைட்ராக்சி நோனெனல் போன்ற ஆல்டிஹைடுகள் பிறக்கின்றன. அவை புரதத்தோடும் மரபணுவோடும் ஒட்டிக்கொள்பவை. காய்ச்சிய எண்ணெயில் மொத்த துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018 முதல் விதித்திருக்கிறது. பஜ்ஜிக்கடையில் எண்ணெய் கறுத்து நுரைப்பதைப் பார்க்கும் கண்ணுக்குக் கருவி இல்லாமலே பாதி தெரியும். எந்த விதையின் எண்ணெய் என்பதைவிட எத்தனையாவது முறை காய்ந்தது என்று கேட்பது அங்கே அவசியம்.

வாணலியில் சிதையாமல் தப்பித்துச் சவ்வுக்குப் போய், வெட்டுப்பட்டு, தன் வேலையை முடித்த மூலக்கூறின் கடைசிக் கட்டம் வேகமானது. ரத்தத்தில் கலந்த புரோஸ்டாகிளாண்டின் நுரையீரலை ஒருமுறை கடந்தாலே 90 சதவீதத்துக்கு மேல் செயலிழக்கும். வேன் 1967லேயே இதைக் காட்டியிருந்தார். உண்டான இடத்தின் அக்கம்பக்கத்துக்கு மட்டும் பேச வேண்டிய பொருள், ஊரெல்லாம் பரவாமல் உடல் பார்த்துக்கொள்கிறது. பிறகு கல்லீரல் சங்கிலியின் முனைகளை இரண்டிரண்டு கரிமமாகக் கழற்றுகிறது, மிச்சம் சிறுநீரில் இறங்குகிறது. 30 வினாடியிலேயே பாதியாகிவிடும் திராம்பாக்சேனை ரத்தத்தில் பிடித்து அளப்பது கடினம், அதன் நிலையான மிச்சத்தைச் சிறுநீரில் அளக்கலாம். தினமும் ஆஸ்பிரின் சாப்பிடும் ஒருவரின் தட்டணுக்கள் மாத்திரைக்கு அடங்கினவா இல்லையா என்று ஆய்வாளர்கள் அந்த அளவை வைத்துத்தான் சொல்கிறார்கள்.